பிரிக்கக் கூடாத பொட்டலம்

மாமா,

உங்கள் சட்டைகள் எல்லாவற்றிலும் டீசல் வாடைதான் அடித்தது. நீலக் கோடு போட்ட அந்த ஒரு சட்டையில் மட்டும் சாம்பிராணி வாசம். முனியாண்டி கோயில் பூசைக்கு மட்டும் அதைப் போடுவீர்கள். வந்ததும் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவீர்கள். அம்மா துவைக்கக் கேட்டால், "வேர்க்கவே இல்லக்கா, அடுத்த பூசைக்கு ஆவும் லா" என்று சொல்லிக் கொடுக்க மாட்டீர்கள்.

இன்று பிற்பகல் அம்மா உங்கள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. இனி அவற்றை யாருக்காவது கொடுத்துவிடலாம். "பையெல்லாம் பாத்து வை. ஆணி கீணி இருக்கும், வாங்கறவங்க கையக் கிழிச்சிரும்" என்றாள். ஆணிகள் இருந்தன. ஒரு நட்டு இருந்தது. பாதி தின்று காகிதத்தில் சுற்றிவைத்த இஞ்சி மிட்டாய் இருந்தது. கோடு போட்ட சட்டையின் பையில், காய்ந்து சுருங்கிய ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. வாழைநாரால் கட்டி, நாரின் நுனியை உள்ளே செருகி இறுக்கிய முடிச்சு. லோரியில் பழைய இரும்பை ஏற்றிக் கயிறு கட்டும்போது நீங்கள் போடுகிற அதே முடிச்சு.

அம்மா பார்க்கும் முன் அதை என் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். அது எந்தப் பொட்டலம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைப் பிரிக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனாலும் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுப் பிரித்துவிட்டேன், மாமா.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். நான் சமையற்கட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், பள்ளிக்கூடத்துப் பழைய பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கூடத்தில் சேகர் அண்ணன் குறட்டை விடுகிறான். வாசலில் உங்கள் ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்திருக்கிறான். உங்கள் துணிகளில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை; பூட்ஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். விடிந்தால் அதைப் போட்டுக்கொண்டு, நீங்கள் செத்துப்போன குழிக்குள் அவன்தான் முதலில் இறங்கப்போகிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உங்கள் முகம்தான் வருகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

விமானக் கதை நீங்கள் உண்டாக்கியது இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே அது நம் தோட்டத்தில் இருந்தது. ஜப்பான்காரன் போன பிறகு, வெள்ளைக்காரன் தன்னிடம் மிச்சமிருந்த விமானங்களைத் தன் நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது வீண் செலவு என்று மரப்பெட்டிகளில் அடைத்து, தார் பூசி, இங்கே புதைத்துவிட்டுப் போனானாம். அஞ்சலை அத்தை சொல்லும் கதையில் யானைகள் பெட்டிகளை இழுத்து வரும். பூசாரி தாத்தா சொல்லும் கதையில் லோரிகள் வரிசையாக வரும். வரிசை வீடுகளான நம் லயத்தில் யாரும் வெளியே தலை நீட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பார்கள். நீங்கள் சொல்லும் கதையில் ஒரு விமானத்துக்குள் வெள்ளைக்கார ஓட்டுநரும் உட்கார்ந்திருப்பார். "இன்னும் சம்பளம் வரலன்னு உள்ளயே குந்திக்கிட்டிருக்கான் லா, பாவம்" என்பீர்கள்.

எத்தனை விமானம், எந்தத் திசையில் என்பதில் எல்லாரும் சண்டை போடுவார்கள். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அந்த இடத்தில் முனியாண்டிக்குக் கோயில் கட்டிக்கொள்ளச் சொன்னதே அப்போதிருந்த துரைதானாம். சாமி இருக்கும் இடத்தில் தமிழன் மண்வெட்டி வைக்க மாட்டான் என்று துரைக்குத் தெரியுமாம். முள்வேலி போடாமல், காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்காமல், நம்மையே காவலுக்கு வைத்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அப்படி யாரும் சிரிக்கவில்லை. குருபோங் பக்கம் வந்ததைப்போல இங்கேயும் வீடுகள் வரப்போகின்றன, ஆனால் அவை நமக்கு இல்லை. நமக்கு டவுனில் அடுக்குமாடியில் வாடகை அறை. கையெழுத்துப் போட்டுவிட்டு லயத்தைக் காலி செய்ய வேண்டும். கோயிலைப் பற்றி அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அம்மா அன்றிரவு சோறு பரிமாறும்போது, "மாட்ட என்னா பண்றது? மூணாவது மாடிக்கு ஏத்திட்டுப் போறதா?" என்று கேட்டாள். நீங்கள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டீர்கள். நீங்கள் சும்மா இருந்ததால்தான் எனக்கு அது ஞாபகத்தில் நிற்கிறது.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, பள்ளி பஸ்ஸை விட்டுவிட்டு நான் பாயா ரும்புட் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் லோரி வந்தது. முன்னிருக்கை கிழிந்து ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அன்று அதன்மேல் ஒரு பெரிய அலுமினியத் தகட்டைப் போட்டு, மேலே சாக்கு விரித்திருந்தீர்கள்.

"ஏறு கிராணி. ஒனக்குன்னு சிம்மாசனம் போட்டு வச்சிருக்கேன்."

எனக்குப் படிக்க எழுதப் பிடிக்கும் என்பதால் நீங்கள் வைத்த பட்டம் அது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணிக்குக்கூட இவ்வளவு கையெழுத்து அழகு இல்லை என்று எல்லாரிடமும் சொல்வீர்கள்.

"குத்துது மாமா. என்னா இது, ஆணி ஆணியா?"

"ஏரோப்ளேன் சீட்டு லா. டிக்கெட் இல்லாம ஏத்திருக்கேன், சத்தம் போடாம உக்காரு."

அது பஸ்ஸின் உடம்போ, படகின் உடம்போ, பழைய இரும்புக் கடையில் உங்களுக்குக் கிடைத்த ஏதோ ஒன்று. வரிசையாகத் தறையாணி அடித்திருந்தது. ஒரு மூலை மட்டும் நாய்க்காது போல மடங்கியிருந்தது. வீடு வந்து இறங்கியபோது என் தொடையில் அந்தத் தறையாணி வரிசை அப்படியே பதிந்திருந்தது.

பிறகு புதுக் கால்வாய் வெட்ட மண்வாரி இயந்திரம் வந்தது. கோயிலுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்தபோது கரகரவென்று சத்தம் கேட்டு, ஓட்டுநர் நிறுத்தினார். லயமே ஓடியது. சிவப்பு மண்ணோடு ஒரு தகடு வெளியே வந்தது. வரிசையாகத் தறையாணிகள். நாய்க்காது போல மடங்கிய ஒரு மூலை.

கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது நீங்கள்தான். "ஐயோ முனியாண்டி! நெசந்தானா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். அப்புறம் கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடி ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தீர்கள். நான் பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அரசாங்க ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தகட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய குண்டு ஏதாவது இருக்கலாம், நாங்கள் வந்து பார்க்கும்வரை இங்கே யாரும் தோண்டக் கூடாது என்று நாடா கட்டிவிட்டுப் போனார்கள். இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலை லயம் தீபாவளிபோல இருந்தது. அஞ்சலை அத்தை வீட்டுக்கு வீடு கேசரி கொடுத்தாள்.

"அது நம்ப சிம்மாசனந்தானே மாமா?" என்று கேட்டேன்.

"எந்தச் சிம்மாசனம்? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லியே." டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஷின் போயிருச்சா இல்லியா? அத மட்டும் பாரு கிராணி" என்றீர்கள்.

ஆபீஸ்காரர்கள் திரும்ப வரவில்லை. நாடா வெயிலில் வெளுத்து அறுந்து தொங்கியது. ஆனால் தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் ஆள் திரும்ப வந்தார். கையெழுத்துப் போடுபவர்களுக்குத்தான் அறை, கடைசியில் வருபவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேர் பயந்துவிட்டார்கள். அம்மாவும்தான். அப்போதுதான் பூசாரி தாத்தா, சாமியிடமே பூ கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

"செகப்பு வந்தா, கீழ இருக்கு. நம்ப எடத்த விட்டுப் போவக் கூடாது. வெள்ள வந்தா, ஒன்னும் இல்ல. எல்லாரும் ஒத்துமையா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம். அதுக்கப்புறம் யாரும் வாய் பேசக் கூடாது."

கல்யாணத்துக்கும் நிலம் வாங்குவதற்கும் பூ கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் மறைவாக வைத்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, சின்னப் பெண் ஒருத்தியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததை மட்டும்தான் பிரிப்பார்கள். எடுக்காததை யாரும் பிரிக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது நம் கோயிலின் வழக்கம். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "சாமி சொன்னது ஒன்னுதான். சொல்லாதத நோண்டக் கூடாது" என்றார் பூசாரி தாத்தா.

அன்று பூசாரி தாத்தா கண் அறுவை செய்துகொண்டு பச்சைத் துணி கட்டியிருந்தார். பொட்டலம் கட்டும் வேலையை உங்களிடம் கொடுத்தார். நீங்கள் கோடு போட்ட சட்டையில் கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தட்டில் போதுமான அளவு இருந்தன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

லயத்து ஆட்கள் எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் சூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வலப்பக்கம் இருந்ததை எடுத்துப் பூசாரி தாத்தாவிடம் கொடுத்தேன். அவருக்கு முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார்.

"யாருப்பா இப்படிக் கட்டுனது? பூவா இது, இரும்பு லோடா?" என்று அஞ்சலை அத்தை கேட்டாள். அந்த நேரத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

உள்ளே சிவப்பு. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "நான் கால்வாயில விட்டுட்டு வந்துடறேன்" என்று நீங்கள் போனீர்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அன்றிலிருந்துதான் எனக்குக் குழப்பம். தகடு பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பூவை எடுத்தது என் கை. என்னிடம் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியானால் நீங்கள் பொய்யைக் கொண்டுபோய்ப் புதைத்த இடத்திலேயே உண்மையும் இருந்திருக்குமோ? உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். "சாமி விசயம், எனக்கென்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் என்னிடம் வேடிக்கை பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

சாமியே இருக்கிறது என்று சொன்ன பிறகு அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சும்மா இருப்பார்களா? கோயிலுக்குப் பின்னால் நாலு பக்கமும் துத்தநாகத் தகடு நட்டு மறைத்துவிட்டு, பேக்டரி வேலை முடிந்து வந்ததும் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு விமானம் கிடைத்தால் போதும், சிங்கப்பூரில் விற்று இந்த இடத்தையே வாங்கிவிடலாம் என்றார்கள். குழி இடுப்பளவு ஆனபோது நீங்களும் அவர்களோடு நின்று கேலி பேசினீர்கள். ஆள் உயரம் ஆனபோது உங்கள் பேச்சு குறைந்தது. மழைக்காலம் வந்து, அடியில் தண்ணீர் ஊறி, பக்கத்து மண் கஞ்சிபோலச் சரியத் தொடங்கியபோது நீங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நடந்த சண்டையை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"போதும்டா சேகரு. மூடிடுங்க. மண்ணு நிக்காது."

"நீங்கதானே மாமா நெசந்தானான்னு கத்துனீங்க? சாமியும் சொல்லிருச்சு. இப்ப வந்து மூடுங்கறீங்க?"

"சாமி இருக்குன்னுதான்டா சொல்லுச்சு. தோண்டுன்னு சொல்லுச்சா?"

"இருக்கறத எடுக்காம என்னா, பொங்கலா வைக்கறது? ஒங்களுக்குப் பயமா இருந்தா வீட்டுல இருங்க லா."

நீங்கள் எதையோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். எனக்கு அது தெரிந்தது, மாமா. அண்ணன் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தீர்கள். பிறகு சோற்றுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனீர்கள்.

திங்கட்கிழமை காலையில் நான் பள்ளி பஸ்ஸுக்குப் போனேன். வெளிச்சம் வந்தும் வராத நேரம். கோயில் வழியாகத்தான் போக வேண்டும். துத்தநாகத் தகடுகளுக்கு நடுவில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். குழிக்குள் இல்லை, குழியின் விளிம்பில். காலில் சிலிப்பர். கையில் மண்வெட்டி. பக்கத்தில் குவித்திருந்த மண்ணை வாரி வாரி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா மாமா பண்றீங்க?"

"நாய் ஒன்னு விழுந்து செத்துக் கெடக்கு. நாத்தம் அடிக்கும்னு மூடறேன்."

எந்த நாற்றமும் இல்லை. நான் உங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"அப்படிப் பாக்காத கிராணி. சாயங்காலம் வா, எல்லாம் சொல்றேன். பஸ்ஸு வந்துரும், ஓடு."

ஓடினேன். நான் நின்றிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அறிவியல் வீட்டுப்பாடத்தை முடித்தேன்.

சாயங்காலம் வந்தபோது லயத்து வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள்.

விளிம்பு உங்களோடு சேர்ந்து சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் உங்களை எடுத்தது குழிக்கு அடியிலிருந்து. மண்வெட்டியும் உங்களோடு அடியில்தான் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். எல்லாரையும் மூடச் சொல்லிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் தனியாக எடுத்துக்கொள்ளப் போயிருக்கிறான் என்றார்கள். துக்கம் கேட்க வந்த அஞ்சலை அத்தையே அம்மாவுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்: "பெசி பூரோக், பழைய இரும்பு யாவாரி புத்தி, இரும்பக் கண்டா விடுமா?" அம்மாவுக்குக் கேட்டது. அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் அத்தையோடு பேசவில்லை.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? சொன்னால் ஏன் மூடினார் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் மூடினார் என்று ஆகும். அப்புறம் தகடு, அப்புறம் பூ. ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். சரிந்தால் லயம் போய்விடும். உங்கள் பெயரும் போய்விடும். குழி இனிமேல் கிடக்கும், யாரும் கிட்டே போக மாட்டார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

அங்கேதான் ஏமாந்துவிட்டேன். நீங்கள் இருந்தாலும் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள், மாமா. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பூசாரி தாத்தா சொன்னார்: "முனி சும்மா குடுக்காதுப்பா. பொதைஞ்சத எடுக்கணும்னா ஒரு உசுரு கேக்கும். கேட்டது கெடச்சிருச்சு. இனிமே வழி உட்டுரும்."

பயந்து கிடந்த கூட்டாளிகளெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து மூடப் பார்த்த குழியை, உங்கள் உயிரே திறந்துவிட்டதாம்.

"மாமன் விழுந்த எடம். மருமவந்தான் மொத மண்ண எடுக்கணும்" என்றார் தாத்தா. அண்ணன் உடனே எழுந்து, "நான் எறங்கறேன்" என்றான். அவன் பணத்துக்காகச் சொல்லவில்லை. உங்களைத் திருடன் என்று சொன்னவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று நினைக்கிறான். விமானத்தை எடுத்துக் காட்டினால் மாமா பெயர் நிற்கும் என்று என்னிடம் சொன்னான். சொல்லும்போது கண் கலங்கியது.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சிங்கப்பூரில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். அம்மா அண்ணனைத் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். நேற்று துணி காயப்போடும்போது கேட்டேன்.

"அண்ணன எறங்க வேணான்னு சொல்லும்மா."

"நான் எப்படிம்மா சொல்வேன்? சாமி உத்தரவு. ஒன் கையாலதானே பூ வந்துச்சு?"

என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கும்பிடுவதைப்போல அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. தகடு பொய்யாக இருந்தாலும் பூ பொய்யில்லை, அடியில் நிஜமாகவே ஏதோ இருக்கலாம், அண்ணனை முனியாண்டி பார்த்துக்கொள்வார் என்று. அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தேன். இலை பொடியாக உதிர்ந்தது. உள்ளே நந்தியாவட்டை இல்லை. இதழ் காய்ந்து கறுத்துச் சுருண்டிருந்தாலும், நடுவில் நீட்டிய தண்டும் அதன் நுனியில் மகரந்தப் பொட்டுகளும் இருந்தன. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு இன்னும் இருந்தது.

இரண்டிலும் சிவப்புதான் வைத்தீர்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. லயத்து முன்னால் என்னை நிற்கவைத்து, என் கையால் எடுக்கவைத்து, சாமியையும் ஏமாற்றினீர்கள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. அப்புறம் உங்கள் முகம் சூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நீங்களும் பயந்துபோய்த்தான் நின்றிருந்தீர்கள். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் என்மேல் பழி வரக் கூடாது என்று, எடுப்பதற்கு முன்பே முழுப் பழியையும் உங்கள் பையில் போட்டுக்கொண்டீர்களோ என்னவோ. அப்படி நினைத்தால் கொஞ்சம் அழ முடிகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. பழைய கால்வாய் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று தண்ணீரும் ஓடியது. இதை ஏன் விடவில்லை? விட்டிருந்தால் யாருக்கும் எப்போதும் தெரிந்திருக்காது. பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்தச் சட்டையைத் துவைக்கவும் விடவில்லை. சாயங்காலம் வா, எல்லாம் சொல்றேன் என்றீர்களே. இதைக் காட்டித்தான் சொல்ல நினைத்தீர்களா?

நாளைக்குக் காலையில் இதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். பூசாரி தாத்தா சாமி குற்றம் என்பார். அஞ்சலை அத்தை திருடன் என்பதை விட்டுவிட்டுப் பொய்யன் என்பாள். கம்பெனி ஆள் பேனாவோடு வருவார். அம்மா மாட்டை விற்பாள். கோயிலை யார் எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. நீங்கள் காப்பாற்ற நினைத்த ஒவ்வொன்றும் என் கையால் போகும். இதையெல்லாம் கொடுத்தால் அண்ணன் மட்டும் மிஞ்சுவான். அவனும் என்னோடு பேசாமல் போகலாம்.

இதை ஒரு முறை, இரண்டு முறை யோசித்தேன். அப்போது நீங்கள் குழி விளிம்பில் நின்ற காலைப்பொழுது வந்து நின்றது. அன்றைக்கு உங்களுக்கும் இதே கணக்குத்தான் இருந்திருக்கும். லயத்தை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, அண்ணனை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. வாயால் சொல்ல முடியாததை மண்வெட்டியால் சொல்லிவிடலாம் என்று போனீர்கள். மழையில் மண் நிற்காது என்று எங்களுக்குச் சொன்ன நீங்கள், அதன் விளிம்பிலேயே போய் நின்றீர்கள். அங்கே போகாமல் எங்களிடமே சொல்லியிருக்கலாம், மாமா. நாங்கள் கோபித்திருப்போம். அண்ணன் கத்தியிருப்பான். அம்மா உங்களுக்குச் சோறு போடாமல் ஒரு நாள் இருந்திருப்பாள். மறுநாள் போட்டிருப்பாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன், பிரித்ததை மறுபடி கட்டிவிடலாம் என்று பார்த்தேன். புது வாழையிலை கிழித்து, நார் எடுத்து, உங்கள் முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். லோரிக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்த முடிச்சு. எனக்கு வரவில்லை. நுனியைச் செருகினால் கழன்றுகொள்கிறது. பழைய நாரில் உங்கள் முடிச்சு மட்டும் இன்னும் அவிழாமல் இருக்கிறது. நான் இலையைக் கிழித்துத்தான் பிரித்தேன். அதைப் பார்த்தால் லயத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பூசாரி தாத்தாவின் பல்லுக்கே தெரியும், இது யார் கட்டியது என்று.

அம்மா எழுந்துவிட்டாள். பின்பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அண்ணனின் குறட்டை நின்றுவிட்டது. புரண்டு படுக்கிறானா, எழுந்துவிட்டானா தெரியவில்லை. வாசலில் இருந்த பூட்ஸை, வாழையிலை கிழிக்கப் போனபோதே உள்ளே எடுத்து வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவன் அதைத் தேடுகிற நேரம்தான் எனக்கு இருக்கிறது.

முதலில் அம்மாவிடம் சொல்வேன். நாய் செத்துக் கிடக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குவேன். நீங்கள் எடுக்கப் போகவில்லை, மூடத்தான் போனீர்கள், நான் பார்த்தேன் என்பதை அஞ்சலை அத்தைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது உங்கள்மேல் கோபப்படுவார்கள். படட்டும், மாமா. நானும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

மெழுகுவத்தி அடிவரை வந்துவிட்டது. காய்ந்த பூவும் உங்கள் முடிச்சும் என் வலது கையில் இருக்கின்றன. மூடினால் பொடியாகிவிடும் போலிருக்கிறது. அதனால் கையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.